பவர் சப்ளைய முடிவு பண்ணிட்டு கார்டுக்கு வாங்க தம்பி

கேள்வி: வணக்கம் அக்கா. முதல் தடவையா சொந்தமா ஒரு கேமிங் பிசி அசெம்பிள் பண்றேன். ரைசன் 5 5500, பி450 போர்டு, 8ஜிபி ராம் ஒண்ணு, எஸ்எஸ்டி எல்லாம் வாங்கியாச்சு. மானிட்டர் 1080பி, 75 ஹெர்ட்ஸ். பழைய பிசில இருந்த 450 வாட் பவர் சப்ளையவே போட்டுக்கலாம்னு இருக்கேன், அதோட ஸ்டிக்கர போட்டோ எடுத்து அனுப்பிருக்கேன். மிச்சம் கிராபிக்ஸ் கார்டு மட்டும்தான். கடைல ஆர்டிஎக்ஸ் 3050 6ஜிபி எடுங்கன்றாங்க. ஃப்ரெண்ட் ஒருத்தன் அவனோட பழைய ஆர்எக்ஸ் 580 8ஜிபிய கம்மி விலைக்கு தர்றேன்றான். வீடியோல எல்லாம் இன்டெல் ஆர்க் பி580தான் பெஸ்ட், 12ஜிபி இருக்குன்றாங்க. வேலரன்ட், ஜிடிஏ 5 அதிகமா ஆடுவேன், சைபர்பங்க், எல்டன் ரிங் மாதிரி பெரிய கேமும் ஆடணும்னு ஆசை. அப்பப்ப சின்ன சின்னதா வீடியோ எடிட் பண்ணுவேன். கைல காசு கம்மி, ஒரு தடவதான் வாங்க முடியும். மூணுல எது எடுக்கட்டும்?

பதில்:

தம்பி, நேராவே சொல்லிடுறேன், இந்த மூணுமே உங்க மெஷினுக்கு வேண்டாம். ஏஎம்டியோட ஆர்எக்ஸ் 6600 8ஜிபி எடுங்க, புதுசா கிடைச்சா புதுசு, இல்லன்னா நல்லா டெஸ்ட் பண்ணி செகண்ட் ஹேண்ட்ல. ஆனா அதுக்கும் முன்னாடி அந்த பவர் சப்ளைய ஓரமா வெச்சுட்டு புதுசு ஒண்ணு வாங்கணும், கார்டுக்குன்னு ஒதுக்கின காசுல கொஞ்சம் வெட்டியாவது வாங்கணும். ஒரு தடவதான் வாங்க முடியும்னு எழுதிருக்கீங்க பாருங்க, அதனாலதான் இத முதல்ல சொல்றேன்.

நீங்க அனுப்பின ஸ்டிக்கர்ல பெரிய எழுத்துல 450 வாட்னு போட்டிருக்கு, சரி. அதுக்கு கீழ சின்னதா ஒரு கட்டம் இருக்கு, அதுல +12வி-ன்னு போட்ட எடத்துக்கு நேரா 18ஏ-ன்னு இருக்கு, இன்னொரு தடவ எடுத்து பாருங்க. 12ஐ 18ஆல பெருக்குங்க, 216 வாட். சிபியுவும் கிராபிக்ஸ் கார்டும் கரண்ட் இழுக்குறது கிட்டத்தட்ட மொத்தமும் இந்த 12 வோல்ட் லைன்ல இருந்துதான், அப்போ உங்க சப்ளை இவங்க ரெண்டு பேருக்கும் சேத்து தரக்கூடியது 216தான், மிச்ச வாட் எல்லாம் 3.3 வோல்ட், 5 வோல்ட் லைன்ல கணக்கு காட்டிருக்காங்க, அது ரொம்ப பழைய மெஷினுக்கு உதவும், இப்போ இருக்குற மெஷினுக்கு பெருசா பிரயோஜனம் இல்ல. ரைசன் 5500 பேப்பர்ல 65 வாட், ஆனா முழு வேகத்துல ஓடும்போது 88 வாட் வரைக்கும் இழுக்கும். ஆர்எக்ஸ் 6600 கார்டு 132 வாட். ரெண்டையும் கூட்டினாலே 220 வந்துடுது, இன்னும் போர்டு, ஃபேன், எதுவும் சேக்கல, கார்டு திடீர்னு ஒரு கணம் அதிகமா இழுக்குமே அதையும் சேக்கல.

இத அப்படியே போட்டா என்ன ஆகும்னா, டெஸ்க்டாப் வரும், வேலரன்ட் கூட ஓடும், சைபர்பங்க்ல ஒரு பெரிய சண்டை வரும்போது ஸ்கிரீன் கறுப்பாகி மெஷின் தானா ரீஸ்டார்ட் ஆகும். உடனே எல்லாரும் டிரைவர மாத்துவாங்க, விண்டோஸ ஃபார்மட் பண்ணுவாங்க, கடைசியா கார்டு போச்சுன்னு எங்கிட்ட எடுத்துட்டு வருவாங்க. கார்ட வேற மெஷின்ல போட்டா நல்லா ஓடும். அப்படி வர்ற கேஸ் நெறய பாக்குறேன், அதனாலதான் இந்த விஷயத்துல விட்டுக்குடுக்க மாட்டேன்.

இன்னொண்ணு, உங்க பழைய சப்ளைல கார்டுக்கான 8 பின் ஒயரே இல்ல போல, போட்டோல தெரியல. ஹார்ட் டிஸ்க்குக்கு பவர் குடுக்குற சாட்டா கனெக்டர் ரெண்ட ஒண்ணா சேத்து 8 பின்னா மாத்துற ஒரு ஒயர் கிடைக்கும், கடைல அத ஈசியா தூக்கி குடுத்துடுவாங்க. தயவுசெஞ்சு வாங்காதீங்க. ஒரு சாட்டா கனெக்டர்ல 12 வோல்ட்டுக்கு மூணு பின்னுதான், ஒவ்வொண்ணும் ஒன்றரை ஆம்பியர், அதாவது 54 வாட். 8 பின் கனெக்டர் 150 வாட்டுக்குன்னு செஞ்சது. ரெண்டு சாட்டா சேந்தாலும் 108தான், 8 பின் கேக்குறதுக்கு பத்தாது. பிளாஸ்டிக் உருகி, பின் கருகி போன ஒயர கைல எடுத்து பாத்திருந்தீங்கன்னா நீங்களே வேண்டாம்னு சொல்லுவீங்க.

புதுசு வாங்கும்போது 500, 550 வாட் போதும், அதே கட்டத்துல +12வி லைன்ல 38, 40 ஆம்பியர் இருக்கான்னு பாருங்க, 6+2 பின் ஒயர் (ரெண்டையும் சேத்தா 8 பின்) அதுலயே வரணும், 5 வருஷம் வாரன்டி குடுக்குற மாடலா பாருங்க. 80 பிளஸ்னு ஸ்டிக்கர் இருந்தா அது கரண்ட எவ்வளவு வீணாக்காம மாத்துதுன்னு மட்டும்தான் சொல்லும், உள்ள போட்ட பார்ட்ஸ் தரமான்னு சொல்லாது, இருந்தாலும் 80 பிளஸ் பிரான்ஸ் (வெண்கல) ரேட்டிங் இருக்குறதா எடுங்க. நல்ல சப்ளை ஒண்ணு வாங்கிட்டா அடுத்த கார்டு மாத்தும்போதும் அது கூட இருக்கும்.

இப்போ அந்த மூணு கார்டு ஏன் வேண்டாம்னு சொல்றேன்.

3050 6ஜிபி. கடைக்காரர் பொய் சொல்லல, ஆனா இந்த பேருல ரெண்டு வேற வேற கார்டு இருக்குன்னு சொல்லாம விட்டுட்டார். 2022 ஜனவரில வந்த 3050, 8ஜிபி மெமரி, 128 பிட் பஸ் (மெமரிக்கு டேட்டா போற வழியோட அகலம்), 2560 கோர் (படத்த கணக்கு போடுற சின்ன சின்ன யூனிட்). 2024 பிப்ரவரில வந்த 3050 6ஜிபி, பஸ் 96 பிட், கோர் 2304. மெமரி மட்டும் 2ஜிபி கம்மின்னு நெனச்சு வாங்குறாங்க, ஆனா செகண்டுக்கு 224ஜிபி டேட்டா போற வழி 168ஜிபி ஆயிடுச்சு, கோரும் குறைஞ்சிருக்கு. 8ஜிபி 3050ய விடவே ஆர்எக்ஸ் 6600 நல்லா வேகம், இந்த 6ஜிபியோட வெச்சு பாத்தா பெரும்பாலான கேம்ல கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு ஃப்ரேம் வரும். ஆனா இந்த கார்ட மோசம்னு சொல்ல மாட்டேன், அதுக்குன்னு ஒரு எடம் இருக்கு. 70 வாட்தான் இழுக்குது, போர்டு ஸ்லாட்டே 75 வாட் வரைக்கும் தரும், அதனால தனியா பவர் ஒயரே வேண்டாம், ஆபீஸ்ல இருந்து வர்ற பழைய பிராண்டட் பிசி இருக்குல்ல, பவர் சப்ளைய மாத்தவே முடியாத மாதிரி, அதுக்கு இத விட நல்ல கார்டு சொல்றது கஷ்டம். எக்காரணம் கொண்டும் பவர் சப்ளை வாங்க முடியாதுன்னு நீங்க முடிவு பண்ணிட்டா அப்போ மட்டும் இத எடுங்க.

ஆர்எக்ஸ் 580. 2017ல வந்த கார்டு, அப்போ ரொம்ப நல்ல கார்டு. 185 வாட் இழுக்கும், அதாவது 6600ய விட அதிகமா கரண்ட் குடிச்சுட்டு அத விட ரொம்ப கம்மியா வேலை செய்யும். ஏஎம்டி இந்த தலைமுறைக்கு புது டிரைவர் தர்றத 2023லயே சுருக்கிடுச்சு, முக்கியமான திருத்தம் மட்டும்தான். வெளிச்சம், நிழல் எல்லாம் நெஜம் மாதிரி கணக்கு போடுற ரே ட்ரேசிங் ஹார்டுவேரே இதுல கிடையாது, அது தேவையில்லன்னு தோணும், ஆனா இப்போ வர்ற சில கேம் அது இல்லன்னா ஸ்டார்ட்டே ஆகாது, 2025ல வந்த டூம் த டார்க் ஏஜஸ் அப்படித்தான், அதுக்கு மினிமமா சொல்லிருக்குற ஏஎம்டி கார்டே ஆர்எக்ஸ் 6600தான். போதாததுக்கு 580ன்னு விக்குறதுல 2048எஸ்பின்னு ஒரு ரகம் இருக்கு, 2304 இருக்க வேண்டிய எடத்துல 2048 கோர்தான், பெட்டி இல்லாம கைல வாங்கும்போது தெரியாது. ஃப்ரெண்ட் சும்மா குடுத்தா, புது பவர் சப்ளை போட்டு கொஞ்ச நாள் அதுல வேலரன்ட், ஜிடிஏ 5 ஆடிட்டு காசு சேத்து நல்ல கார்டு வாங்கலாம், அது வேற. இருக்குற ஒரே பட்ஜெட்ட அதுல போடாதீங்க.

பி580 பத்தி கொஞ்சம் விரிவா சொல்லணும், ஏன்னா வீடியோல சொல்றது தப்பில்ல, ஆனா அவங்க மெஷின் வேற, உங்க மெஷின் வேற. 2024 டிசம்பர்ல வந்த கார்டு, 12ஜிபி, 192 பிட், இந்த ரேஞ்சுல நெஜமாவே தாராளமான கார்டு. வந்த புதுசுல டெஸ்ட் பண்ணவங்க எல்லாரும் அப்போ மார்க்கெட்ல இருந்த வேகமான சிபியு போட்டு டெஸ்ட் பண்ணாங்க, அதுதான் முறை, கார்டோட முழு பலம் தெரியணும்ல. அப்புறம் 2025 ஆரம்பத்துல சாதாரண சிபியு, பழைய சிபியு போட்டு பாத்தா சில கேம்ல ஃப்ரேம் பயங்கரமா விழுந்துச்சு. காரணம் இன்டெல் டிரைவர் சிபியு மேல போடுற சுமை, மத்த கம்பெனி டிரைவர விட அதிகம். அதுக்கப்புறம் டிரைவர் அப்டேட்ல சில கேம் சரி பண்ணிருக்காங்க, ஆனா உங்க 5500 ஆறு கோர்ல சிக்கனமான சிபியு, சிபியுக்குள்ளயே இருக்குற வேக மெமரி, எல்3 கேஷ், 16 எம்பிதான், 5600ல இருக்குறதுல பாதி. அது மேல இன்னும் சுமை ஏத்த வேண்டாம். ரீசைசபிள் பார்னு ஒரு செட்டிங் (சிபியு கார்டோட முழு மெமரியையும் நேரா தொட விடுறது) பயாஸ்ல, அதாவது மெஷின் ஆன் ஆனதும் முதல்ல ஓடுற போர்டு சாஃப்ட்வேர்ல, ஆன் ஆகலன்னா இந்த கார்டு பாதி உயிரோடதான் ஓடும், 190 வாட் வேற. சீக்கிரமே சிபியு, போர்டு எல்லாம் மாத்தி பெரிய மெஷினுக்கு போற எண்ணம் இருந்தா தாராளமா எடுங்க, இப்போதைக்கு உங்களுக்கு இல்ல.

12ஜிபி இருந்தா 8ஜிபிய விட வேகமான்னு நெறய பேர் கேக்குறாங்க, உங்களுக்கும் அந்த சந்தேகம் இருக்குன்னு தெரியுது. கார்டுல இருக்குற மெமரி கேமோட டெக்ஸ்ச்சர் (பொருள் மேல ஒட்டுற படம்) எல்லாம் வெச்சுக்குற மேஜை மாதிரி, மேஜை பெருசா இருந்தா மட்டும் வேலை வேகமா ஆகாது, ஆனா மேஜைல எடம் பத்தலன்னா வேலை நின்னு நின்னு போகும். எடம் பத்தாதப்போ கார்டு உங்க சிஸ்டம் ராம்ல இருந்து எடுத்துட்டு வரணும், அந்த வழிதான் பிசிஐஇ. 6600 கார்டு அதுல எட்டு லேன்ல (பாதைல) தான் பேசும், உங்க 5500 சிபியு பிசிஐஇ 3.0தான், போர்டும் அதேதான், அப்போ அந்த வழில செகண்டுக்கு 8ஜிபிக்கும் கொஞ்சம் கம்மியாதான் போகும். கார்டு தன்னோட மெமரில இருந்து எடுத்தா 224ஜிபி. வித்தியாசம் பாத்தீங்களா? அதனாலதான் மெமரி நிரம்பின உடனே ஃப்ரேம் மெதுவா குறையாம பட்டுன்னு திக்கி திக்கி நிக்குது. 1080பில 8ஜிபி இருந்தா டெக்ஸ்ச்சர் செட்டிங்க ஒரு படி இறக்கி வெச்சு இத தவிர்க்கலாம், மெமரி நிரம்பாத வரைக்கும் பிசிஐஇ 3.0ல 6600க்கு இழப்பு கொஞ்சம்தான். 4ஜிபி கார்டுக்கு அந்த வசதி இல்ல. ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி, 6400 ரெண்டும் 4ஜிபி, அதுலயும் நாலே லேன், உங்க போர்டுல போட்டா அந்த வழி இன்னும் பாதியா குறையும், வீடியோவ சுருக்கி சேவ் பண்ற என்கோடரும் அதுல இல்ல, எடிட் பண்றேன்னு சொல்றீங்க, விலை கம்மின்னு யாராவது காட்டினாலும் அந்த பக்கம் போகாதீங்க.

ராம் பத்தி நீங்க கேக்கவே இல்ல, ஆனா சொல்லாம விட முடியாது. 8ஜிபி ஒரே ஸ்டிக் பத்தவே பத்தாது, எல்டன் ரிங் மினிமமே 12ஜிபி கேக்குது, சைபர்பங்கும் இப்போ 12 கேக்குது. அதே மாதிரி இன்னொரு 8ஜிபி ஸ்டிக் வாங்கி போடுங்க, மேனுவல்ல சொல்லிருக்குற ஸ்லாட்டுல, அப்போதான் டூயல் சேனல் ஆகும், அதாவது ரெண்டு ஸ்டிக்கும் ஒரே நேரத்துல வேலை செய்யும், வேலரன்ட் மாதிரி சிபியு மேல ஓடுற கேம்ல கார்ட மாத்துறத விட இதுக்கு நல்லா வித்தியாசம் தெரியும். அப்புறம் பயாஸ்ல ராம் ப்ரொஃபைல ஆன் பண்ணுங்க, இல்லன்னா வாங்கின வேகத்துல ஓடாது. காசு முதல்ல பவர் சப்ளைக்கு, அடுத்து ராமுக்கு, மீதி கார்டுக்கு.

6600ல என்ன எதிர்பாக்கலாம்னா, வேலரன்ட், ஜிடிஏ 5 ரெண்டும் உங்க 75 ஹெர்ட்ஸ் மானிட்டர தாண்டி போகும். எல்டன் ரிங் எந்த கார்டு போட்டாலும் செகண்டுக்கு 60 ஃப்ரேம்லதான் நிக்கும், கேமே அப்படி. சைபர்பங்க்ல மீடியம், ஹை கலந்து வெச்சு ரே ட்ரேசிங் ஆஃப் பண்ணா 60 பக்கத்துல வரும், கூட்டமான தெருவுல கொஞ்சம் இறங்கும். ரே ட்ரேசிங் ஆன் பண்ணி ஆடணும்னு ஆசை இருந்தா இந்த கார்டு அதுக்கு ஆள் இல்ல. கம்மி பிக்சல்ல வரைஞ்சு பெருசாக்கி காட்டுறதுக்கு என்விடியா பக்கம் இருக்குற டிஎல்எஸ்எஸ் நெஜமாவே ஏஎம்டிய விட தெளிவா இருக்கும், அதுவும் 1080பில குவாலிட்டி மோடு போட்டா உள்ள 720பில வரைஞ்சுதான் பெருசாக்குது, அவ்வளவு கம்மி பிக்சல வெச்சு அதே வேலைய பண்ற ஏஎம்டியோட பழைய எஃப்எஸ்ஆர் கொஞ்சம் தடுமாறும், புல், முடி எல்லாம் நெளியுற மாதிரி தெரியும். அதனால ஆர்டிஎக்ஸ் 4060 எங்கயாவது 6600 விலைக்கு பக்கத்துல கிடைச்சா யோசிக்காம அத எடுங்க, 115 வாட்தான், வேகமும் அதிகம். இன்னொரு விஷயமும் தெரிஞ்சு வாங்குங்க, 2025 கடைசில ஏஎம்டி இந்த 6000 வரிசைய தனி டிரைவர் கிளைக்கு மாத்திடுச்சு, புது கேமுக்கான சப்போர்ட் தொடரும்னு சொல்லிருக்காங்க, ஆனா புது புது வசதி எல்லாம் இனிமே புது கார்டுக்குத்தான் முதல்ல போகும். 6600 புதுசுக்கும் 4060க்கும் விலை நெருங்கி வந்துட்டா 6600 எடுக்குறதுல அர்த்தம் இல்லாம போறதுக்கு இதுவும் ஒரு காரணம்.

எடிட்டிங் அப்பப்பதான்னு சொன்னதால 6600 போதும்னேன். அதுல கைச்செலவுக்கு காசு பாக்குற அளவுக்கு போகப்போறீங்கன்னா செகண்ட் ஹேண்ட்ல ஆர்டிஎக்ஸ் 3060 12ஜிபி பாருங்க, எடிட்டிங் சாஃப்ட்வேர் எல்லாம் என்விடியாவோட ஒத்துப்போறது அதிகம், 170 வாட், 550 வாட் சப்ளை தாங்கும். 3060லயும் 8ஜிபி ரகம் ஒண்ணு இருக்கு, அது 128 பிட், 12ஜிபி 192 பிட். விளம்பரத்துல வெறும் 3060ன்னு இருந்தா எதுன்னு கேட்டுட்டு போங்க.

செகண்ட் ஹேண்ட் எடுக்குறதா இருந்தா கார்டு மெஷின்ல ஓடிட்டு இருக்கும்போதுதான் பாக்கணும், மேஜைல வெச்சு காட்டுறத வாங்காதீங்க. கார்டோட விவரத்த காட்டுற ஜிபியு-இசட்னு ஒரு சின்ன சாஃப்ட்வேர் இருக்கு, ஃப்ரீதான், ஒரு பென்டிரைவ்ல போட்டு எடுத்துட்டு போங்க. 6600க்கு 1792 ஷேடர் (மேல சொன்ன கோர்தான்), 128 பிட், ஜிடிடிஆர்6, 8ஜிபின்னு காட்டணும், கார்டோட பயாஸ மாத்தி பேர மட்டும் பெருசா காட்டுற போலி கார்டு இருக்கு, ஜிபியு-இசட்ல பேருக்கு முன்னாடி ஃபேக்னே காட்டிடும். அப்புறம் ஒரு ஸ்ட்ரெஸ் டெஸ்ட் ஓட விட்டு ஒரு 20 நிமிஷம் பக்கத்துலயே நில்லுங்க. ஜிபியு-இசட்ல சென்சார்ன்ற டேப்ல ஜிபியு டெம்பரேச்சரும் ஹாட்ஸ்பாட்டும் (சிப்ல ரொம்ப சூடான எடம்) தனித்தனியா இருக்கும், ரெண்டுக்கும் நடுவுல 15, 20 டிகிரி இருந்தா பரவால்ல, 30க்கு மேல போச்சுன்னா சிப்போட சூட்ட வெளிய கடத்துற பேஸ்ட் உள்ள காஞ்சிருக்கு, அத சொல்லி விலைய குறைக்கலாம். ஸ்கிரீன்ல புள்ளி புள்ளியாவோ கோடு கோடாவோ கலர் தெறிச்சா மெமரி போகுதுன்னு அர்த்தம், எவ்வளவு குறைச்சு குடுத்தாலும் வேண்டாம். ஃபேன கைல லேசா ஆட்டி பாருங்க, மெஷின ஆஃப் பண்ணிட்டு, தண்டு ஆடினா பேரிங் தேஞ்சிருக்கு. பின்னாடி இருக்குற எல்லா போர்ட்டுலயும் மானிட்டர் ஒயர மாத்தி மாத்தி சொருகி பாருங்க, ஒண்ணு போயிருந்தா விக்குறவர் சொல்ல மாட்டார். கிரிப்டோ காசு எடுக்குற மைனிங்ல ஓடின கார்டான்னு பயப்படுறீங்கன்னா, 2022 செப்டம்பர்ல எத்தீரியம் மைனிங் நின்னதோட அது நெறய வெளிய வந்துச்சு, நல்லா பராமரிச்சது இன்னும் ஓடிட்டுதான் இருக்கு, மேல சொன்ன டெஸ்ட்ல பாஸ் ஆனா நான் ஒதுக்க மாட்டேன்.

கார்டு வர்றதுக்கு முன்னாடி ஒரு வேலை இருக்கு. பி450 போர்டு 5500க்கு முன்னாடியே வந்தது, போர்டுல இருக்குற பயாஸ் பழசா இருந்தா மெஷின் ஆன் ஆகும், ஃபேன் சுத்தும், ஸ்கிரீன்ல ஒண்ணுமே வராது. 5500ல உள் கிராபிக்ஸ் கிடையாது, அதனால கார்டு இல்லாம இத டெஸ்ட் பண்ணவும் முடியாது, கார்டு போட்டதும் ஸ்கிரீன் கறுப்பா இருந்தா கார்டு செத்துடுச்சுன்னு நெனச்சு திருப்பி குடுக்க ஓடுவீங்க. போர்டு வாங்கின கடைலயே எடுத்துட்டு போய் பயாஸ் அப்டேட் பண்ணி தர சொல்லுங்க, இல்ல உங்க போர்டுல பென்டிரைவ்ல இருந்து நேரா ஃப்ளாஷ் பண்ற பட்டன் இருந்தா நீங்களே பண்ணிடலாம். மானிட்டர் ஒயர கார்டுல சொருகணும், போர்டுல இருக்குற எச்டிஎம்ஐல சொருகினா உங்க சிபியுக்கு எதுவும் வராது. கேபினெட்டுக்குள்ள கார்டுக்கு எவ்வளவு நீளம் எடம் இருக்குன்னு ஒரு ஸ்கேல் வெச்சு அளந்துக்கோங்க, மூணு ஃபேன் மாடல் சில சின்ன கேபினெட்ல முட்டும், 6600க்கு ரெண்டு ஃபேனே தாராளம்.

கார்டும் சப்ளையும் பாத்து வெச்சதும், காசு குடுக்குறதுக்கு முன்னாடி ஜிபியு-இசட் ஸ்கிரீன்ஷாட்டும் புது சப்ளையோட ஸ்டிக்கர் போட்டோவும் எனக்கு அனுப்புங்க தம்பி, போர்டு மாடல் பேரையும் சேத்து போடுங்க, பயாஸ் வெர்ஷன் எது வேணும்னு பாத்து சொல்லிடுறேன்.